கைக்கெட்டும் மருத்துவம்: புற்றுநோய் ஆராய்ச்சியும் பொருளியலாரின் கடமையும்

(இளம் அரசு அலுவலர்களும் பொருளியல் மாணவர்களும் பங்கு கொண்ட கருத்தரங்கில் நிகழ்த்தப்பட்ட உரை)



மருத்துவ ஆராய்ச்சியைப் பற்றிப் பேச மருத்துவரல்லாத ஒருவனை அழைத்திருக்கிறீர்கள். நான் பொருளியல் படித்தவன். ஏறத்தாழ முப்பது ஆண்டுகளாக மத்திய அரசின் கோப்புகளைப் பார்த்து வருபவன். புற்றுநோய்க்கு எந்த மருந்து சிறந்தது என்று சொல்லும் தகுதி எனக்கு இல்லை. ஆனால் ஒரு மருந்து ஆய்வுக்கூடத்திலிருந்து புறப்பட்டு நோயாளியின் கையை அடையும் வழியில் எத்தனை மேசைகளைக் கடக்க வேண்டியிருக்கிறது என்பதை நான் அறிவேன். அம்மேசைகளில் ஒன்றில் நானே அமர்ந்திருந்தேன். இங்குள்ள இளைஞர்கள் பலரும் நாளை அத்தகைய மேசைகளில் அமரப் போகிறவர்கள். ஆகவே என் பேச்சை ஒரு கோப்பிலிருந்து தொடங்குகிறேன்.

ஒரு கோப்பின் கதை

2002ஆம் ஆண்டில் நான் பணிபுரிந்த அலுவலகத்தில் ஓர் எழுத்தர் இருந்தார். அமைதியான மனிதர், தம் வேலையை ஒருநாளும் நிலுவையில் வைக்காதவர். அவருக்கு நாட்பட்ட ரத்தப் புற்றுநோய் கண்டறியப்பட்டது. அந்நோய்க்கு அப்போது இமாட்டினிப் என்ற புதிய மாத்திரை வந்திருந்தது. அதன் விலை மாதத்திற்கு ஏறத்தாழ ரூ.1,20,000. அவருடைய மாத ஊதியமோ பத்தாயிரத்திற்கும் குறைவு. மருத்துவர் அம்மாத்திரையைப் பரிந்துரைத்தார். செலவைத் திரும்பப் பெறுவதற்கான விண்ணப்பம் கோப்பாகி என்னிடம் வந்தது.

நான் கணக்குப் போட்டேன். ஓராண்டு மருந்துச் செலவு ரூ.14,40,000. அது அவருடைய பன்னிரண்டு ஆண்டு ஊதியத்தைவிட அதிகம். மேலும் அம்மருந்தை எத்தனை ஆண்டுகள் உட்கொள்ள வேண்டும் என்பதற்கு வரையறையும் இல்லை. பொதுப் பணத்தைக் காப்பது என் கடமை என்ற நல்ல எண்ணத்துடனேயே கோப்பில் ஒரு வினாவை எழுதினேன்: “இம்மருந்துக்கு மாற்றாகக் குறைந்த விலையில் வேறு சிகிச்சை உண்டா என்பதை விளக்கவும்.” கோப்பு திரும்பிச் சென்றது. விளக்கம் வந்தது; அவ்விளக்கத்தின்மேல் வேறொரு பிரிவு இன்னொரு வினாவை எழுப்பியது. இறுதியில் ஒப்புதல் கிடைக்கப் பதினொரு வாரங்கள் ஆயின.

அந்தப் பதினொரு வாரங்களில் நடந்ததைப் பின்னரே அறிந்தேன். மனைவியின் நகைகளை விற்றும் தம்பியிடம் கடன் பெற்றும் ஒரு மாத மருந்தை அவர் வாங்கினார். அது தீர்ந்தபின் ஏழு வாரங்கள் மருந்தின்றி இருந்தார். நாள்தோறும் அலுவலகம் வந்தார். என் அறையைக் கடந்து சென்றார். ஒருமுறைகூட என்னிடம் எதுவும் கேட்கவில்லை.

நான் எழுதிய வினா தவறானதா என்று பல ஆண்டுகள் எண்ணிப் பார்த்திருக்கிறேன். ‘இதையே குறைந்த செலவில் செய்ய இயலுமா?’ என்பது பொருளியலின் அடிப்படை வினாக்களுள் ஒன்று. ஏழை நாட்டில் அவ்வினாவைக் கேட்காதிருப்பதே குற்றமாகும். ஆனால் அதை நான் கேட்ட இடம் தவறு. கேட்ட காலமும் தவறு. நோயாளி ஒருவரின் கோப்பில், அவர் மருந்துக்காகக் காத்திருக்கும் வேளையில் கேட்கப்பட வேண்டிய வினா அன்று அது. அவர் நோயுறுவதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே ஆய்வுக்கூடத்திலும், காப்புரிமைச் சட்டத்திலும், மருத்துவமனை ஆய்வுகளிலும், கொள்முதல் முறையிலும் கேட்கப்பட்டிருக்க வேண்டியது. இன்று நான் உங்கள்முன் வைக்க விரும்பும் கருத்து இதுவே.

நோயின் பளு

பன்னாட்டுப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமையின் மதிப்பீட்டின்படி 2022ஆம் ஆண்டில் இந்தியாவில் 14 லட்சத்துக்கு மேற்பட்டோருக்குப் புதிதாகப் புற்றுநோய் ஏற்பட்டது. அதே ஆண்டில் 9 லட்சத்துக்கு மேற்பட்டோர் அந்நோயால் மாண்டனர். நோயின் பளுவை இந்த எண்கள் மட்டும் காட்டிவிடுவதில்லை. 2017-18ஆம் ஆண்டில் நடைபெற்ற தேசிய மாதிரி ஆய்வின்படி, புற்றுநோய்க்காக ஒருமுறை மருத்துவமனையில் சேர்ந்தவரின் சராசரி மருத்துவச் செலவு அரசு மருத்துவமனையில் சுமார் ரூ.22,500, தனியார் மருத்துவமனையில் சுமார் ரூ.93,000. புற்றுநோயாளி ஒருமுறை மட்டும் மருத்துவமனைக்குச் செல்பவரல்லர் என்பதை நினைவில் கொள்ள வேண்டும். நிலத்தை விற்பவர்களும், பிள்ளைகளின் படிப்பை நிறுத்துபவர்களும், பாதியில் சிகிச்சையைக் கைவிடுபவர்களும் இந்தச் சராசரிக்குள் மறைந்திருக்கிறார்கள்.

2018ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட ஆயுஷ்மான் பாரத் திட்டமும் மாநிலங்களின் காப்பீட்டுத் திட்டங்களும் இச்சுமையின் ஒரு பகுதியைக் குறைத்துள்ளன. ஆனால் காப்பீடு என்பது செலவை ஒருவர் தோளிலிருந்து பலர் தோளுக்கு மாற்றுவதே. செலவே குறைய வேண்டுமாயின் ஆராய்ச்சியின் துணை வேண்டும். அந்த ஆராய்ச்சி மூன்று வினாக்களுக்கு விடை காண வேண்டும். எது நோயைக் குணப்படுத்தும்? அதைக் குறைந்த செலவில் உற்பத்தி செய்வது எவ்வாறு? எவ்வளவு கொடுத்தால் போதும்? முதல் வினாவே உலகின் பாராட்டைப் பெறுகிறது. மற்ற இரண்டும் பெரும்பாலும் நம்மைப் போன்ற நாடுகளின் பொறுப்பாக விடப்பட்டுள்ளன.

முதல் வினா: எது குணப்படுத்தும்?

நம் வீட்டுத் தோட்டங்களிலும் கோயில் நந்தவனங்களிலும் பூக்கும் நித்தியகல்யாணியை அறியாதவர் இல்லை. தமிழ்நாட்டின் தென் மாவட்டங்களில் அது பயிராகவும் வளர்க்கப்படுகிறது. நீரிழிவு நோய்க்கு நாட்டு மருந்தாக வழங்கி வந்த அதன் இலையைக் கனடா நாட்டு ஆய்வாளர்கள் 1950களில் சோதித்தனர். அது சர்க்கரையைக் குறைக்கவில்லை. ஆனால் ரத்தத்தின் வெள்ளணுக்களைக் குறைத்தது. வெள்ளணுக்கள் கட்டுக்கடங்காமல் பெருகுவதுதானே ரத்தப் புற்றுநோய்? அத்தடத்தில் கிடைத்தவையே வின்பிளாஸ்டின், வின்கிரிஸ்டின் என்னும் மருந்துகள். 1963ஆம் ஆண்டில் அமெரிக்காவில் பயன்பாட்டுக்கு வந்த வின்கிரிஸ்டின், குழந்தைகளின் ரத்தப் புற்றுநோய் சிகிச்சையில் இன்றும் இன்றியமையாத இடம் பெற்றுள்ளது. செடி நம் மண்ணிலும் இருந்தது. அதைச் சோதித்துப் பார்க்கும் ஆய்வுக்கூடம் வேறிடத்தில் இருந்தது.

அறிவாற்றல் நமக்குக் குறைவு என்று இதற்குப் பொருளன்று. பீமவரத்தில் பிறந்து சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்ற எல்லாப்பிரகட சுப்பாராவ் அமெரிக்காவில் தலைமையேற்ற ஆய்வுக் குழுவே அமினோப்டெரின், மெத்தோட்ரெக்சேட் ஆகிய மருந்துகளை உருவாக்கியது. அமினோப்டெரினைக் கொண்டு ரத்தப் புற்றுநோய் கண்ட குழந்தைகளின் நோயைத் தற்காலிகமாகத் தணிக்க முடியும் என்று பாஸ்டன் மருத்துவர் சிட்னி ஃபார்பர் 1948இல் அறிவித்தார். அதே ஆண்டில் சுப்பாராவ் காலமானார். மராட்டியத்தின் நந்தூர்பாரில் பிறந்த மன்சுக் வாணி, மன்ரோ வால் என்பவருடன் சேர்ந்து ஒரு மரப்பட்டையிலிருந்து பிரித்தெடுத்த பாக்லிடாக்சலின் மூலக்கூறு அமைப்பை 1971இல் வெளியிட்டார். மார்பகப் புற்றுநோய்க்கும் சினைப்பைப் புற்றுநோய்க்கும் அது இன்று அன்றாட மருந்து.

என் கோப்பிலிருந்த இமாட்டினிப்பின் வரலாறும் நாம் அறிய வேண்டியதே. 1960இல் ஃபிலடெல்ஃபியா நகரின் ஆய்வாளர் இருவர், இவ்வகை ரத்தப் புற்றுநோயாளிகளின் அணுக்களில் வழக்கத்தைவிடச் சிறிய குரோமோசோம் ஒன்று இருப்பதைக் கண்டனர். 1973இல் ஜேனட் ரவுலி என்ற அம்மையார், இரு குரோமோசோம்கள் தம் துண்டுகளை இடம் மாற்றிக் கொள்வதே அதற்குக் காரணம் என நிறுவினார். இடம் மாறிய அத்துண்டுகளால் உருவாகும் புரதம் ஓயாமல் அணுக்களைப் பெருகச் செய்வது பின்னர் தெளிவாயிற்று. அப்புரதத்தை மட்டும் தடுக்கும் இமாட்டினிப் 2001ஆம் ஆண்டு மே மாதத்தில் அமெரிக்க அனுமதி பெற்றது. அதைப் பெற்ற நோயாளிகளைத் தொடர்ந்து கவனித்த பன்னாட்டு ஆய்வில், பத்தாண்டுகளுக்குப் பின்னும் சுமார் 83 சதவீதத்தினர் உயிருடன் இருந்தனர். நாற்பது ஆண்டு உழைப்பின் பயன் அது. தொடக்கத்திலிருந்த அடிப்படை ஆராய்ச்சி, பல்கலைக்கழகங்களிலும் பொது நிதியிலும் நடந்தது. முடிவிலிருந்த மருந்தாக்கம் தனியார் முதலீட்டில் நடந்தது. இரண்டும் இன்றி அம்மருந்து இல்லை. விலையைப் பற்றிப் பேசும்போது இரு பங்குகளையும் நாம் மறக்கலாகாது.

இரண்டாம் வினா: குறைந்த செலவில் செய்வது எவ்வாறு?

விடுதலைக்குப் பின்னும் நம் நாட்டில் 1911ஆம் ஆண்டின் காப்புரிமைச் சட்டமே நடைமுறையில் இருந்தது. மருந்து விலை மிக உயர்ந்த நாடுகளுள் இந்தியாவும் ஒன்று என அமெரிக்க செனட்டின் கெஃபாவர் குழுவே அந்நாளில் குறிப்பிட்டது. நீதியரசர் ராஜகோபால அய்யங்கார் 1959இல் அளித்த அறிக்கையை அடிப்படையாகக் கொண்டு 1970ஆம் ஆண்டின் காப்புரிமைச் சட்டம் இயற்றப்பட்டது. மருந்துப் பொருளுக்குக் காப்புரிமை இல்லை; அதைத் தயாரிக்கும் முறைக்கு மட்டுமே, அதுவும் ஏழாண்டுக்கு மிகாமல் உண்டு என்பது அச்சட்டத்தின் சாரம். ஒரே பொருளை வேறு முறையில் தயாரிக்க நம் வேதியியலாளர்கள் கற்றார்கள். இதுவும் ஆராய்ச்சியே என்பதை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். தயாரிப்பின் படிகளைக் குறைப்பதும், வீணாவதைத் தவிர்ப்பதும், தூய்மை கெடாமல் விலையைத் தாழ்த்துவதும் எளிய வேலைகள் அல்ல.

உலக வணிக அமைப்பில் சேர்ந்ததன் விளைவாக 2005இல் பொருளுக்கான காப்புரிமை மீண்டும் நடைமுறைக்கு வந்தது. ஆயினும் நாடாளுமன்றம் ஒரு காப்பு விதியைச் சேர்த்தது. ஏற்கெனவே அறியப்பட்ட பொருளின் புதிய வடிவம், நோய் தீர்க்கும் திறனில் மேம்பாடு காட்டினாலன்றிக் காப்புரிமை பெறாது என்பதே பிரிவு 3(ஈ) கூறும் விதி. இமாட்டினிப்பின் ஒரு படிக வடிவத்திற்கு நோவார்ட்டிஸ் நிறுவனம் கோரிய காப்புரிமையைச் சென்னைக் காப்புரிமை அலுவலகம் 2006ஆம் ஆண்டு ஜனவரியில் மறுத்தது. பிரிவையே எதிர்த்த வழக்கைச் சென்னை உயர் நீதிமன்றம் 2007இல் தள்ளுபடி செய்தது. உச்ச நீதிமன்றம் 2013 ஏப்ரல் 1 அன்று காப்புரிமை மறுப்பை உறுதி செய்தது. இந்திய நிறுவனங்களின் இமாட்டினிப் மாதம் ரூ.8,000 முதல் 10,000 வரையிலான விலைக்குக் கிடைத்தது. பின்னர் அது மேலும் குறைந்தது.

2012 மார்ச் மாதத்தில் சிறுநீரக, ஈரல் புற்றுநோய்க்கான சொராஃபெனிப் மருந்துக்கு இந்தியாவின் முதல் கட்டாய உரிமம் வழங்கப்பட்டது. காப்புரிமையாளரான பேயர் நிறுவனத்திற்கு விற்பனையில் 6 சதவீதம் உரிமத் தொகை அளித்து, ஐதராபாத்தின் நாட்கோ நிறுவனம் அம்மருந்தைத் தயாரிக்க அனுமதிக்கப்பட்டது. ஒரு மாத மருந்தின் விலை சுமார் ரூ.2,80,000இலிருந்து ரூ.8,880ஆகக் குறைந்தது. உரிமத் தொகை பின்னர் 7 சதவீதமாக உயர்த்தப்பட்டது.

இத்தகைய நடவடிக்கைகள் புதிய மருந்துகளுக்கான முதலீட்டைக் குலைக்கும் என்ற வாதத்தை நாம் அலட்சியப்படுத்தக் கூடாது. ஊதியமின்றி எவரும் உழைக்க மாட்டார். ஆதாயமின்றி எவரும் முதலிட மாட்டார். ஆனால் சந்தை எங்கே இருக்கிறது என்பதையும் கேட்க வேண்டும். மாதம் ரூ.2,80,000 என்ற விலையில் இந்திய நோயாளிகளுள் பெரும்பாலோர் வாங்குவோராகவே இல்லை. வாங்காதவர்களிடமிருந்து எந்த நிறுவனமும் ஆதாயம் பெறுவதில்லை. அவர்களுக்கு மருந்து கிடைப்பதால் நிறுவனம் இழப்பது, கணக்கில் தோன்றும் அளவுக்குப் பெரிதன்று.

மூன்றாம் வினா: எவ்வளவு போதும்?

இவ்வினாவே எனக்கு மிகவும் உவப்பானது. அதிக மருந்து விற்பவர் ‘இதில் பத்தில் ஒரு பங்கு போதுமா?’ என்று தாமாக ஆராய மாட்டார். அது பொது நிதியில் இயங்கும் நிறுவனங்களே செய்ய வேண்டிய வேலை. 1941இல் மும்பையில் தொடங்கப்பட்டு, 1962 முதல் அணுசக்தித் துறையின் பொறுப்பில் இயங்கிவரும் டாட்டா நினைவு மருத்துவமனை இதற்கு முன்னுதாரணம். அங்குள்ளோரின் பணிகளிலிருந்து மூன்று எடுத்துக்காட்டுகளைச் சொல்கிறேன்.

முதலாவது, கருப்பை வாய்ப் புற்றுநோயைப் பற்றியது. மும்பையின் குடிசைப் பகுதிகளில் ஏறத்தாழ ஒன்றரை லட்சம் பெண்களிடையே 1998இல் ஓர் ஆய்வு தொடங்கியது. பயிற்சி பெற்ற சாதாரணச் சுகாதாரப் பணியாளர்கள், வினிகரில் உள்ள அசெட்டிக் அமிலத்தின் நீர்த்த கரைசலைத் தடவிக் கண்ணால் பார்த்துச் சோதித்தனர். ஆய்வுக்கூடமோ நிபுணரோ தேவைப்படவில்லை. பன்னிரண்டு ஆண்டுகளில் அந்நோயால் ஏற்படும் மரணம் 31 சதவீதம் குறைந்தது. ஒப்பீட்டுக் குழுவிலிருந்த பெண்களுக்கு நலக் கல்வி மட்டுமே அளிக்கப்பட்டு, சோதனை அளிக்கப்படவில்லை என்பது குறித்துக் கடுமையான கண்டனம் எழுந்ததையும் இங்கே சொல்ல வேண்டும். ஏழைகளுக்கான ஆராய்ச்சி என்பதால் ஏழைகளுக்குரிய மரியாதை குறைந்துவிடலாகாது.

இரண்டாவது, மார்பகப் புற்றுநோய் அறுவைச் சிகிச்சை பற்றியது. கட்டியை அகற்றுவதற்குச் சில நிமிடங்கள் முன்பு அதைச் சுற்றிலும் லிடோகெய்ன் என்ற சாதாரண மரப்பு மருந்தை ஊசி மூலம் செலுத்தினால் என்ன ஆகும்? நாட்டின் 11 மையங்களில் 1,600 பெண்களிடம் இது சோதிக்கப்பட்டது. 2023இல் வெளியான முடிவின்படி, ஐந்தாண்டுகளுக்குப் பின் உயிருடன் இருந்தோர் ஊசி பெறாத குழுவில் 86.4 சதவீதம்; பெற்ற குழுவில் 90.1 சதவீதம். நூறு பேரில் ஏறத்தாழ நான்கு உயிர்கள். பல் பிடுங்குபவரும் பயன்படுத்தும் மலிவான மருந்து அது. அதை ஆராய எந்த வணிக நிறுவனத்திற்கும் தூண்டுதல் இல்லை. பிற நாடுகளிலும் இம்முடிவு சோதித்து உறுதி செய்யப்படுவது நல்லது. ஆயினும் கேள்வியைக் கேட்டவர்கள் நம்மவர்கள்.

மூன்றாவது, தலை, கழுத்துப் பகுதிகளில் முற்றிய புற்றுநோய் பற்றியது. புகையிலையின் கொடுமையால் நம் நாட்டில் மிகுந்து காணப்படும் நோய் இது. உடலின் எதிர்ப்பாற்றலைத் தூண்டும் நிவோலுமாப் என்ற மருந்து இதற்குப் பயன்படும். வழக்கமான அளவு இரு வாரங்களுக்கு ஒருமுறை 240 மில்லிகிராம். அந்த விலையைக் கொடுக்கக் கூடிய நோயாளிகள் மிகச் சிலரே. டாட்டா நினைவு மருத்துவமனையினர் மூன்று வாரங்களுக்கு ஒருமுறை 20 மில்லிகிராம் மட்டும் கொடுத்து, அதனுடன் மலிவான மாத்திரைகளைச் சேர்த்தனர். அவற்றுள் ஒன்று சுப்பாராவின் பெயரோடு இணைந்த மெத்தோட்ரெக்சேட். மாத்திரைகளை மட்டும் பெற்றவர்களில் ஓராண்டு கடந்தவர்கள் 16.3 சதவீதம், சிறிதளவு நிவோலுமாப்பும் பெற்றவர்களில் 43.4 சதவீதம். 2022இல் வெளியான இந்த ஆய்வில் சிறிய அளவு முழு அளவோடு ஒப்பிடப்படவில்லை என்பது உண்மை. ஆனால் பெரும்பாலோருக்கு முழு அளவு கிடைப்பதே இல்லை என்னும்போது, அவர்களுக்குப் பொருத்தமான ஒப்பீடு இதுவே.

புதிய கண்டுபிடிப்பும் மலிவும் இணைய முடியாதவை என்றும் எண்ண வேண்டாம். நோயாளியின் எதிர்ப்பணுக்களை எடுத்து மரபணு மாற்றம் செய்து மீண்டும் அவர் உடலில் செலுத்தும் கார்-டி சிகிச்சை 2017இல் அமெரிக்காவில் அனுமதிக்கப்பட்டபோது அதன் விலை 4,75,000 டாலர். மும்பை இந்தியத் தொழில்நுட்பக் கழகமும் டாட்டா நினைவு மையமும் இணைந்து உருவாக்கிய சிகிச்சைக்கு 2023 அக்டோபரில் இந்திய அனுமதி கிடைத்தது. 2024 ஏப்ரலில் குடியரசுத் தலைவர் அதனைத் தொடங்கி வைத்தார். வெளிநாட்டு விலையில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கே அதன் விலை. அதுவும் பல லட்ச ரூபாய் என்பதால் பணி முடிந்துவிடவில்லை. ஆயினும் பெரும் பங்கு தூரம் கடக்கப்பட்டுள்ளது.

உறுப்பு மாற்றுச் சிகிச்சையும் அதே பாடமும்

உறுப்பு மாற்றுச் சிகிச்சையும் இதே பாடத்தைக் கற்பிக்கிறது. 1954இல் பாஸ்டனில் ஒத்த இரட்டையருக்கிடையே சிறுநீரகம் வெற்றிகரமாக மாற்றப்பட்டது. இரட்டையர் அல்லாதோர் உறுப்பை உடல் ஏற்க மறுப்பதைக் கட்டுப்படுத்த, மண்ணிலுள்ள பூஞ்சையிலிருந்து பெற்ற சைக்ளோஸ்போரின் 1980களில் கைகொடுத்தது. ரத்தப் புற்றுநோய்க்கான எலும்பு மஜ்ஜை மாற்றுச் சிகிச்சையை 1983இல் டாட்டா நினைவு மருத்துவமனை நம் நாட்டில் தொடங்கியது.

இங்கும் அறுவைச் சிகிச்சையோடு செலவு முடிவதில்லை. சிறுநீரகம் பெற்றவர் அது இயங்கும் காலம் முழுவதும் மருந்து உட்கொள்ள வேண்டும். வாங்க இயலாமல் நிறுத்தினால், தாயோ மனைவியோ ஈந்த சிறுநீரகம் வீணாகும். பூஞ்சை நோய்க்கான கீட்டோகோனசோல் என்ற மலிவான மாத்திரையை உடன் கொடுத்தால் சைக்ளோஸ்போரின் உடலில் நெடுநேரம் தங்கும். ஆகவே சிறிய அளவே போதும் என்று ஆய்வுகள் காட்டின. நம் மருத்துவமனைகள் சிலவும் இம்முறையைக் கையாண்டன. ‘எவ்வளவு போதும்?’ என்ற வினாவின் பயன் இது.

ஆனால் உறுப்பை எந்தத் தொழிற்சாலையிலும் தயாரிக்க இயலாது. இங்குப் பற்றாக்குறை பணத்தில் மட்டுமன்று; இசைவிலும் உள்ளது. ஏழைகளின் சிறுநீரகம் விலை பேசப்பட்ட கொடுமைக்கு முடிவு கட்டவும், மூளைச் சாவை மரணமாக ஏற்கவும் 1994ஆம் ஆண்டின் மனித உறுப்பு மாற்றுச் சட்டம் வழி செய்தது. 2024இல் நாட்டில் 18,900க்கு மேற்பட்ட உறுப்பு மாற்றுச் சிகிச்சைகள் நடைபெற்றன. ஆயினும் பெரும்பாலான உறுப்புகள் இன்னும் உயிருள்ள உறவினரிடமிருந்தே பெறப்படுகின்றன. அவர்களில் பெண்களே மிகுதி. 2008 முதல் தமிழ்நாடு மூளைச் சாவுற்றோரின் கொடையை ஒழுங்குபடுத்தி முன்னோடியாக விளங்குகிறது. மருத்துவமனைகளிடையே ஒருங்கிணைப்பு, வரிசைப்படி ஒதுக்கீடு, துயருற்ற குடும்பத்திடம் பரிவோடு பேசும் பணியாளர் ஆகியவையே இதன் அடித்தளம். நல்ல நிர்வாகமும் உயிர் காக்கும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

நாம் செய்ய வேண்டியவை

இளம் நண்பர்களே, உங்கள் மேசைக்கு வரும் கோப்புகளில் நீங்கள் செய்யக் கூடியவை சிலவற்றைக் கூறி முடிக்கிறேன்.

புதிய, விலையுயர்ந்த மருந்து ஒன்றைப் பொதுத் திட்டத்தில் சேர்க்க வேண்டுமெனக் கேட்கப்படும்போது, ‘இதில் எவ்வளவு போதும் என்று ஆராயப்பட்டுள்ளதா?’ எனக் கேளுங்கள். ஆராயப்படவில்லை எனில் அந்த ஆய்வுக்கு நிதி ஒதுக்குங்கள். ஓராண்டு கொள்முதல் செலவின் சிறு பகுதி, பல ஆண்டுச் செலவைக் குறைக்கக் கூடும்.

கூடி வாங்குவதை ஊக்குவியுங்கள். 2012இல் அமைக்கப்பட்ட தேசியப் புற்றுநோய் மருத்துவமனைகளின் கூட்டமைப்பு, 40 மருந்துகளின் விலையை மருத்துவமனைகளின் சார்பில் ஒன்றாகப் பேசி, ஏறத்தாழ ரூ.1,320 கோடி மிச்சப்படுத்தியது. புதிய கண்டுபிடிப்பு எதுவும் அதற்குத் தேவைப்படவில்லை. 2019இல் 42 புற்றுநோய் மருந்துகளின் வணிக இலாபம் 30 சதவீதத்திற்குள் கட்டுப்படுத்தப்பட்டதும் இவ்வகையைச் சேர்ந்ததே.

எல்லா மருந்தும் எல்லோருக்கும் என்று வாக்களிக்க நம்மால் இயலாது. சில வாரங்களே ஆயுளை நீட்டித்து, குடும்பத்தைக் கடனில் ஆழ்த்தும் மருந்துகளும் உண்டு. அவற்றை மறுப்பது தவறன்று. ஆனால் அம்மறுப்பு முன்கூட்டியே, மருத்துவரும் பொருளியலாரும் நோயாளிகளின் பிரதிநிதிகளும் சேர்ந்து, காரணங்களை வெளிப்படையாக எழுதி வைத்துச் செய்யப்பட வேண்டும். அனுமதிக்கப்பட்ட மருந்து தாமதமின்றிக் கிடைக்க வேண்டும். அனுமதித்துவிட்டுக் காலம் கடத்துவது, மறுக்கும் துணிவின்றி மறுப்பதாகும்.

நான் தொடக்கத்தில் குறிப்பிட்ட எழுத்தர், மருந்து மீண்டும் கிடைத்தபின் தேறினார். அவர் நற்பேறு பெற்றவர். இடையில் மருந்தை நிறுத்திய அனைவரும் அவ்வாறு தேறுவதில்லை. அவர் ஓய்வு பெற்ற நாளில் நடந்த சிறு விருந்தில் அவரருகில் சென்று அமர்ந்தேன். 2002ஆம் ஆண்டின் கோப்பில் நான் எழுதிய வினாவைப் பற்றி வருத்தம் தெரிவித்தேன். அவர் சற்று நேரம் பேசாதிருந்துவிட்டு, “ஐயா, அந்தக் கேள்வியை நானும் அப்போது கேட்டுக்கொண்டுதான் இருந்தேன். என்னிடம் மட்டும் அதற்குப் பதில் கேட்டிருக்க வேண்டாம்” என்றார்.

அதைவிடத் தெளிவாக நான் சொல்லக் கூடியது எதுவும் இல்லை. குறைந்த செலவில் இயலுமா என்ற வினாவை நீங்கள் கைவிட வேண்டாம். இன்னும் உரக்கக் கேளுங்கள். ஆனால் விடை காணும் ஆற்றல் உள்ள இடத்தில், விடை காண்பதற்குப் போதிய காலத்திற்கு முன்பே கேளுங்கள். நோயாளியின் கோப்பு உங்கள் மேசைக்கு வரும்போது, கையொப்பம் மட்டுமே எஞ்சியிருக்க வேண்டும்.